அச்சிடத் தடையில்லை

14 பிப்ரவரி 1961, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது; சிட்னியைத் தாண்டி உள்நாட்டுக்கு வந்துவிட்டால் பிப்ரவரிக் கோடை இப்படித்தான். கோயில் வாசலில் இருக்கும் சிறுநூல் தட்டைத் துடைத்து அடுக்கினேன். நான் எழுதிய ‘உள்ளத் துறவு: பன்னிரண்டு தியானங்கள்’ மூன்று வருடத்துக்கு முன் இருபது வைத்தேன், இன்னும் பத்தொன்பது மிச்சம். குறைந்த ஒன்றைச் சமையல்கார மிஸஸ் பிரேடி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். கேட்டால், “கனமா இருக்கு ஃபாதர், காத்துக்கு அசையாது” என்கிறாள்.

பிஷப்பின் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கட்டு வந்திருக்கிறது. அச்சுக்குப் போகும் கத்தோலிக்க நூல்களில் விசுவாசத்துக்கு மாறாக ஏதும் உண்டா என்று பார்த்து, ‘தடையில்லை’ என்று எழுதிக் கொடுப்பது பதினோரு வருடமாக என் பொறுப்பு. நஞ்சு இருக்கிறதா என்று பார்த்தால் போதும், ருசி பார்ப்பது என் வேலையல்ல. சம்மதம் தரும்வரை பார்க்கிறவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியவும் கூடாது. திருச்சபைச் சட்டம்.

எழுதியவர் பெயரைப் பார்த்தேன். ஐலீன் கார்மடி. நம் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஐலீனா? இவளுக்கு என்ன புத்தகம்?

15 பிப்ரவரி, விபூதிப் புதன்

நாற்பது பக்கம் படித்தேன். நன்றாக இருக்கிறது. நெற்றியில் சாம்பலை வைத்துக்கொண்டு எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

19 பிப்ரவரி, ஞாயிறு

முடித்துவிட்டேன். ஒவ்வொரு அழைப்பையும் இணைத்துவிட்டு, மறுமுனையில் எடுப்பதற்குள் அவள் சொல்லும் ஜெபங்கள். டாக்டரைக் கூப்பிடுகிறவனுக்கு ஒன்று, கம்பளி விலை கேட்கிறவனுக்கு ஒன்று, பேசாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறவளுக்கு ஒன்று. எல்லாம் நாலு வரி, ஐந்து வரி.

ரோமில் நாலு வருடம் படித்தவன் நான். அவள் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். என் பன்னிரண்டு தியானங்களில் ஒரு மனுஷன்கூட வாய் திறக்கவில்லை என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது.

பொறாமைதான். இதற்கு வேறு கௌரவமான பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இன்று பூசையில் அவள் நற்கருணை அப்பம் வாங்க வந்தபோது முகத்தைப் பார்க்காமல் கொடுத்தேன்.

27 பிப்ரவரி, திங்கள்

அறுபத்து மூன்றாம் பக்கம். ‘பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட நேரமில்லாமல் ஒரு பிள்ளை வருகிறது, ஆண்டவரே. மறுமுனையில் நீர் எடுத்துவிட்டீர். நான் இடையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’

இது டோரீன் லீஹியின் குழந்தை. எனக்குத் தெரியும்; அன்றைக்கு என்னைக் கூப்பிட்ட அழைப்பை இணைத்தவள் ஐலீன். நாலு வருடத்துக்கு முன், ஞானஸ்நானம் கொடுக்க நான் போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கென்று தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் விட்ட வேலியோர மூலையில் வைக்கச் சொன்னவன் நான்தான். சட்டம் அப்படி.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை கடவுளிடம் சேர்ந்துவிட்டது என்று நிச்சயமாகப் போதிக்க முடியாது. ஆகவே ஆட்சேபம் — அந்தப் பக்கத்தை எடுத்தால் ஒழிய அச்சிடக்கூடாது. ஆயருக்கு எழுதித் தபாலில் சேர்த்தேன். திரும்பி வந்ததும் நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டு ஆட்டிறைச்சி சாப்பிட்டேன்.

புத்தகத்திலேயே ஆகச் சிறந்த பக்கம் அது. அதனால்தானோ?

8 மார்ச், புதன்

என் ஆட்சேபம் பெயரில்லாமல் அவளுக்குப் போயிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஆலோசனைக்கு யாரிடம் வந்தாள்? என்னிடம்.

“திருச்சபை கூடாதுன்னா கிழிச்சுப் போட்டுடறேன் ஃபாதர். ஆனா டோரீன்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டேன். இப்ப அவகிட்ட போய் என்னன்னு சொல்ல? நீங்க படிச்சவங்க, அது தப்பான்னு நீங்க சொல்லுங்க.”

நான் தட்டெழுதிய தாளையே என்னிடம் நீட்டினாள். முதல் தடவை பார்ப்பதுபோல் படித்தேன்.

“இது போதனை இல்லை ஐலீன், ஜெபம். நம்பி வேண்டிக்கிறதுல தப்பில்லை.” வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

“அப்ப இதைக் கூடாதுன்னு எழுதின பெரியவருக்கு நீங்களே ரெண்டு வரி எழுதுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு. பாவம், ரொம்ப வயசானவரா இருப்பாரு, கண்ணு தெரிஞ்சிருக்காது.”

எனக்கு ஐம்பத்திரண்டு. எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யாருக்கு எழுத? எனக்கேவா?

12 மார்ச், ஞாயிறு

எழுதவில்லை.

17 மார்ச், புனித பேட்ரிக் திருநாள்

ஊர்வலம், பாட்டு, பீர். கசாப்புக்கடை மிக் என் தோளில் கைபோட்டான். “ஐலீன் அவ எழுதின ஜெபம் ஒண்ணு சொன்னா ஃபாதர், எம் பொண்டாட்டி அழுதுட்டா. உங்க புத்தகத்தையும் ஆயர் வீட்ல இருந்து வாங்கி வச்சிருக்கோம். தூக்கம் வரலேன்னா அதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனைக் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

25 மார்ச், சனி

பக்கத்து ஊர் மொலோனியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குருமடத்தில் என்னோடு படித்தவன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்த ஜெபத்தைச் சொல்லு” என்றான்.

ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

“இப்ப நீ எழுதினதுல ஒண்ணு சொல்லு.”

யோசித்தேன். ஒரு வரிகூட வரவில்லை.

“நஞ்சு இல்லாத சோத்துல நஞ்சு இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டே லியோ. இதுக்கு மூணு ஜெபம் சொன்னா பத்தாது. போய் மாத்தி எழுது, அப்புறம் ஜெபம் பண்ணலாம்.”

30 மார்ச், பெரிய வியாழன்

மாற்றி எழுதினேன். ‘63ஆம் பக்கம் குறித்த ஆட்சேபம் தவறு. தவறு என்னுடையது. தடையில்லை.’ கையெழுத்துப் போட்டதும், என்ன தாழ்மை உனக்கு என்று மனசு பீற்றிக்கொள்கிறது. கேடுகெட்ட மனசு.

15 ஆகஸ்ட், செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. முதல் பூசைக்கு முன் தட்டில் முப்பது வைத்தார்கள். இரண்டாம் பூசை முடிந்தபோது என்னுடையது மட்டும் இருந்தது.

முதல் ஏட்டின் பின்பக்கம், பொடி எழுத்தில் ‘தடையில்லை’, அதன் கீழே என் பெயர். ஐலீன் அதைத் திறந்து பிடித்தபடி வந்தாள்.

“நீங்கதானா?”

“ஆமா.”

“ரெண்டு தடவையுமா?”

“ரெண்டு தடவையும்.”

காரணம் கேட்பாள் என்று நின்றேன். “மாவு பிசைஞ்சு வச்சிட்டு வந்தேன் ஃபாதர்” என்று போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

3 அக்டோபர், செவ்வாய்

சிட்னியில் மூன்றாம் பதிப்பு அடிக்கிறார்களாம். இன்னும் எரிகிறது.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே போனேன். வேலியோர மூலையில் டோரீன் லீஹி தனியாக நின்றாள். அந்தப் பக்கம் நான் போவதில்லை. அவளே என்னிடம் வந்தாள், கையில் புத்தகம். 63ஆம் பக்கத்தைத் திறப்பாள் என்று நினைத்தேன். என் பெயர் இருந்த ஏட்டைத் திறந்தாள்.

“நீங்க பாத்து, எல்லாம் சரின்னு சொன்னாதான் அச்சுக்கே போகுமாமே ஃபாதர். அப்ப எம் பையனைப் பத்தி எழுதினதும் சரின்னுதானே அர்த்தம்?”

“ஐலீன் சொல்லலையா?”

“அவ சிநேகிதி. ஆறுதலுக்குச் சொல்லுவா. அன்னிக்கு அவனை இங்க வைக்கச் சொன்னது நீங்க. அதனால நீங்க சொல்லணும்.”

சட்டம், போதனை, நம்பிக்கை — மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் நாக்கு நுனி வரை வந்தது.

“சரிதான் டோரீன்” என்றேன். “பேரு வச்சீங்களா?”

“பிரெண்டன். யாரும் கேட்டதில்லை.”

அவளோடு வேலி மூலைக்கு நடந்தேன். பிரெண்டன் என்று சத்தமாகச் சொல்லி, தீர்த்தம் தெளித்தேன்.