வலையில் வடிந்த கஞ்சி

சமையலறை ஜன்னலில் நீங்கள் அடித்த தகரத்தையும் அதற்கடியில் இருந்த கொசுவலையையும் இன்று தச்சர் பிடுங்கினார். துருவும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து குப்பென்று அடித்தது. உடனே உங்கள் முகம் வந்தது. பெண்டாட்டிக்குப் புருஷன் நினைவு வர இதைவிட நல்ல வாசனை வாய்க்கவில்லை, என்ன செய்ய!

கீழ்க்கட்டளை முழுக்கச் சிக்கன்குனியா பரவிய வருஷம் அது. ஊரே ஒட்டிப் பிரிக்கிற வலையாக வாங்கி மாட்டியது. நீங்கள் மட்டும் இரும்பு வலை வாங்கி, சுற்றிலும் மரச்சட்டம் வைத்து ஆணி அறைந்தீர்கள். கொசுவுக்கா அடித்தீர்கள்? பக்கத்து வீட்டு சரோஜாவுக்கு அடித்தீர்கள். மீன் விற்கிறவளோடு உனக்கென்ன பேச்சு என்பீர்கள். அவள் குழம்பும் என் ரசமும் அந்த ஜன்னல் கம்பி வழியாகத்தான் கைமாறின. ஆபீஸ் போகும்போது வாசல் கம்பிக் கதவை வெளியே பூட்டிச் சாவியோடு போய்விடுவீர்கள், திருட்டுப் பயமாம். பகலெல்லாம் நான் பார்க்கக் கிடைத்த ஒரே மனுஷ முகம் அவளுடையது.

எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போனேன். வெளியே சரோஜா கஞ்சிச் சொம்போடு நின்றாள்.

"இன்னா யக்கா, கை நீட்டக்கூட வழியில்லாம பண்ணிக்கீறாரு உன் வூட்டுக்காரரு."

சொம்பை வலையோடு ஒட்டிச் சாய்த்தாள். நான் உள்ளே கிண்ணத்தை ஏந்தினேன். சோறெல்லாம் வலையிலேயே நின்றுவிட்டது, தண்ணீர்தான் வந்தது. அதைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

சாயங்காலம் வந்த நீங்கள் காய்ச்சல் எப்படி என்று கேட்கவில்லை. வலையில் காய்ந்திருந்த பருக்கைகளைப் பார்த்தீர்கள்.

"பிச்சைக்காரி மாதிரி வாங்கித் தின்னியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே வலைக்கு மேல் தகரம் ஏறியது. நீங்கள் நல்ல மனுஷன் என்று உங்கள் ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் யாரும் உங்களிடம் கஞ்சிக்கு ஏங்கியதில்லை. பிறகு சரோஜாவின் குரல் மட்டும் தகரத்துக்கு அப்பால் கேட்டது. கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. வண்டலூர்ப் பக்கம் குடிபோய்விட்டாளாம், பால்காரர் சொன்னார்.

நீங்கள் போன அன்று கம்பிக் கதவை மலரத் திறந்து போட்டார்கள். தெருவே உள்ளே வந்தது. நான் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, யாரிடமாவது கேள்விப்பட்டு அவள் வருவாளா என்று வருகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். அண்ணன்மேல் அண்ணிக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று உங்கள் தங்கை எல்லோரிடமும் சொன்னாள். இன்றைக்கும் சரோஜாவை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. உங்களுக்கென்று ஒரு சொட்டுகூட இதுவரை வரவில்லை.