நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பி

இன்று மழை. பேருந்தின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி சிராங்கூன் சாலை முழுக்க நின்றே வந்தேன். இறங்கிய பிறகு உள்ளங்கையை முகர்ந்தேன். ஈர இரும்பு. நீ ஊருக்குப் போவதற்கு முந்தைய வாரங்களில் உன் இடக்கை விரல்களில் இருந்த வாசம்.

நீ இறந்துவிட்டாய் என்று உன் அக்கா சொல்லி ஒரு மாதம் இருக்கும். ஊரில், காய்ச்சலில். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தைத் திறக்கிறேன். மூடுகிறேன். எழுந்து ஜன்னல் வரை போகிறேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

நீ ஊருக்குப் போனது, வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த வருடம். செம்பவாங்கில் எல்லார் வாயிலும் அதே பேச்சு. தளத்தில் உன் அப்பாவின் வேலை போகும். வேலையோடு குவார்ட்டர்ஸும் போகும். சிங்கப்பூரை விட்டு ஊருக்கே திரும்புவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். உனக்கு இங்கே ஒரு வேலை கிடைத்தால் நீ மட்டும் அக்கா வீட்டில் இருந்துகொள்ளலாம். அதுதான் பேச்சு. நீ பிறந்தது இங்கே. ஊர் உனக்கு ஒரு பெயர், அவ்வளவுதான்.

வேலை என்று நீ தேடிக்கொண்டதோ ஆர்ச்சர்ட் ரோட்டு ஓட்டல் ஒன்றின் பேண்டில். பியானோ வாசிக்கும் யுரேஷியர்தான் அதன் தலைவர். அவர் உன்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: சேர்த்துக்கொண்டால் பேண்டின் எலெக்ட்ரிக் கிட்டார் உனக்கு. ஆனால் அதில் இருப்பது ஸ்டீல் கம்பி. உன் விரல் ஸ்டீலில் எப்படி ஓடுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். உன் கிட்டாரில் ஸ்டீல் போட்டுக்கொண்டு வா.

உன் கிட்டார், தளத்திலிருந்து கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுப்போனது. நைலான் கம்பிக்கென்று செய்த மெல்லிய பலகை. மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு அது போதும்.

நார்த் பிரிட்ஜ் ரோட்டுக் கடையில் நாம் நின்றது நினைவிருக்கிறது. கடைக்காரச் சீனர் கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். பலகையில் ஒட்டி, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து வைக்கும் மரத்துண்டை, அந்தப் பிரிட்ஜை, நகத்தால் தட்டினார்.

"பெசி தா போலே லா."

"இரும்பு ஆகாதாம்" என்றாய் என்னிடம், ஏதோ எனக்கு மலாய் தெரியாதது மாதிரி.

"ஆகாதுன்னா ஆகாதுதான். ஸ்டீலோட இழுப்பு ரொம்ப ஜாஸ்தி. பிரிட்ஜ் பிய்ச்சுக்கிட்டு வந்துடும்."

"யுனிவர்சிட்டியில இதையும் சொல்லித் தர்றாங்களா புரொஃபசர்?"

"வேற கிட்டார் இரவல் வாங்கலாம்டா."

"வேற ஒருத்தன் கையையும் இரவல் வாங்கிட்டுப் போகவா?"

இரண்டு வகைக் கம்பியை எடுத்து வைத்தார் கடைக்காரர். தடித்தவை கணீரென்று கேட்கும், ஆனால் இழுப்பு அதிகம். மெல்லியவை இழுப்பு குறைவு, சத்தமும் குறைவு. கண்ணாடி மேசைமேல் இரண்டு உறை. நீ தடித்ததைத் தொட்டாய். மெல்லியதைத் தொட்டாய். மறுபடி தடித்தது. மற்ற வாடிக்கையாளர்கள் வந்து வாங்கிப் போனார்கள். கடைசியில் மெல்லியது. வெளியே வந்தும் உனக்கு நிம்மதி இல்லை. பஸ் நிறுத்தத்தில், "தடிச்சதையே எடுத்திருக்கணுமோ" என்றாய்.

நைலானைப் போல அதை முடிச்சுப் போட வரவில்லை. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு பித்தளைக் குமிழ். அதுதான் துளையில் சிக்கி நிற்க வேண்டும். ஒரேயடியாக முறுக்காமல் தினமும் கொஞ்சம் ஏற்றினாய். ஏற்றிவிட்டு, கண்ணைப் பலகையோடு ஒட்டிவைத்து, பிரிட்ஜுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாய். பிறகு என்னைப் பார்க்கச் சொல்வாய். எனக்கு ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. உன் விரல்நுனி வெடித்தது. மழைக்கால ஈரத்தில் கம்பி அதற்குள் துருப்பிடித்தது. எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாய்.

அந்த நாள். பகல் நேரத்து ஓட்டல் கூடம். கவிழ்த்து அடுக்கிய நாற்காலிகள். ஒருவன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பியானோவின் சுருதிக்கு நீ கடைசியாக ஒரு சுற்று முறுக்கினாய். பலகை எங்கோ கிறீச்சிட்டது. எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. உன் தோள் சொன்னது.

பியானோ தொடங்கியது. டிரம்ஸ் சேர்ந்தது. நீ வாசித்தாய்.

பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரவில்லை. இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு மயிரிழை கூட எழும்பவில்லை. பாட்டு முடிகிற இடம் வந்தது. பியானோக்காரர் தலையை உயர்த்தி உனக்குச் சைகை காட்டினார். பியானோ நின்றது, டிரம்ஸ் நின்றது. நீ மட்டும் தனியாக இன்னும் ஒரு வரி போய்க்கொண்டிருந்தாய். நீ பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவர் கோபப்படவில்லை. "விரல் நல்லா இருக்கு, மை பாய்" என்றார் ஆங்கிலத்தில். "ஆனா நீ ஒரு தடவைகூட என்னைப் பார்க்கலை. கிட்டாரைப் பார்த்து வாசிக்கிறவன் பேண்டுக்கு ஆகமாட்டான்."

நீ விளக்கம் சொல்வாய் என்று காத்திருந்தேன். பிரிட்ஜ், நைலான், கடைக்காரர் சொன்னது, எதையும் நீ சொல்லவில்லை. "தேங்க்ஸ்" என்றாய். பேருந்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். புக்கிட் தீமா தாண்டியதும் சொன்னாய்.

"பிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்டா."

அந்தக் கிட்டாரோடுதான் நீ கப்பல் ஏறினாய்.

போன ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்டவுனில் உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொடுத்தார். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் ஏதோ சொன்னாராம்.

"தம்பி, அவன் அங்க எல்லார்கிட்டயும் சிங்கப்பூர்ல ஓட்டல் பேண்டுல வாசிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தானாம். நெசமா, சும்மா சொன்னானா?"

"நிஜம்தான் அக்கா. நான் கூடவே இருந்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. என்னால் உட்காரவே முடியவில்லை.

"சிரிச்சானா? கோயில்ல வாசிக்கிறப்பெல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டே வாசிப்பானே. சாமியார்கூடத் திட்டுவாரு."

நினைவில் தேடினேன். நாற்காலிகள் வந்தன. தரை துடைத்தவன் வந்தான். உன் முகம் வரவில்லை. அந்தப் பாட்டு முழுவதும் நானும் பிரிட்ஜைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிச்சான் அக்கா" என்றேன்.

அன்றிலிருந்து அந்தக் கூடத்தை நினைக்கும்போதெல்லாம் நீ சிரித்துக்கொண்டு வாசிக்கிறாய். நீ சிரித்ததா, நான் வரைந்ததா, இனி யாரைக் கேட்பேன்? அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டிருக்கிறேன்.