சகலன் வாங்கினான், நான் விற்றேன்

மார்ச் 14, சனி

சகலன் ரவி என்னையும் மனைவி சுமதியையும் நாயோட்டம் பார்க்கக் கூட்டிப்போனான். ஓட்டத்துக்கு ஆறு நாய்கள், சட்டையில் ஒன்று முதல் ஆறு வரை இலக்கம். இன்றைய பன்னிரண்டு ஓட்டங்களில் வெல்லும் நாய்களின் இலக்கங்களைக் கூட்டினால் 41க்கும் 43க்கும் இடையில் வரும் என்பது பந்தயக் கம்பனியின் கணிப்பு. கூட வரும் என்று நினைத்தால் 43இல் வாங்க வேண்டும். குறைய வரும் என்றால் 41இல் விற்க வேண்டும். சாதாரணப் பந்தயம் என்றால் கட்டிய காசோடு போய்விடும். இதில் கணிப்பு சரி என்றால் கூடும் ஒவ்வொரு புள்ளிக்கும் காசு தருவார்கள்; பிழை என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் அறவிடுவார்கள்.

ரவி வாங்கினான். "அத்தான் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றாள் சுமதி. அந்த ஒரு வார்த்தைக்காகவே போனை மறைத்துப் பிடித்துக்கொண்டு நான் விற்றேன்.

ஐந்தும் ஆறுமாகவே வென்றன. ஆறாம் இலக்க நாய் முந்தும்போதெல்லாம் சுமதி துள்ளிக் கத்தினாள். அவள் துள்ளத் துள்ள என் காசு போனது. எனக்கு எரிந்தது காசுக்காக அல்ல. என் பக்கத்தில் நின்று அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்!

லண்டன் பார்க்கிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, நீங்களும் அத்தானைப் போல வாங்கினனீங்கள்தானே?"

"ஓம்" என்றேன்.

"அப்ப வென்ற காசில நாளைக்கே நாங்கள் பாத்து வச்ச அந்தச் சோபாவை எடுப்பம்" என்று என் தோளில் சாய்ந்தாள்.