இழுப்பறையில் ஐந்து வாரம் கிடந்த படம்

வான் சாய், ஹாங்காங்
12 டிசம்பர் 1961

அன்பு மகள் மான்-யீக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் லீட்ஸ் குளிரில் இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

உன்னைப் பெற்றவரின் படம் இன்னும் வரவில்லை என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாயே, தபால்காரனைத் திட்டாதே. நீ கேட்டு எழுதிய கடிதம் வந்த அன்றே அவள் அதை உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். நான்தான் அனுப்பவில்லை. அச்சகத்தில் என் மேசை இழுப்பறையில் ஐந்து வாரம் கிடந்தது. பொறாமைதான், வேறென்ன. எனக்குத் தலை நரைத்துவிட்டது, படத்தில் உன்னைப் பெற்ற ஸெக்-ஹோய்க்கு இன்னும் இருபத்தாறு வயது, சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஒரே அச்சகத்தில் அச்செழுத்துக் கோத்தவர்கள் நாங்கள், தொண்டர் படையில் சேரவும் ஒன்றாகத்தான் போனோம். பார்வை போதாதென்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜப்பான்காரன் தீவில் இறங்கிய அந்த டிசம்பரில் அவன் மலைமேல் பீரங்கியோடு செத்தான், நான் அரிசி வரிசையில் நின்றேன். வயிற்றில் உன்னைச் சுமந்திருந்த அம்மாவுக்கு அந்த அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்ததில்தான் எங்கள் கதை ஆரம்பித்தது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம், இன்றும் டிசம்பர் பிறந்தால் அவனுக்கென்று வெள்ளைச் சாமந்தி வாங்குகிறாள். உயிரோடிருப்பவனுக்கு யாரும் வெள்ளைச் சாமந்தி வாங்கமாட்டார்கள், தெரியும், தெரிந்தும் எரிகிறது.

நேற்று முன்தினம் சாய் வான் கல்லறைத் தோட்டத்தில் போரில் செத்தவர்களுக்கு அஞ்சலி. அம்மாவுக்கு முழங்கால் மடங்காததால் அவன் பேருக்குக் கீழே நான்தான் குனிந்து பூவை வைத்தேன். அவனோடு அதே பீரங்கியில் இருந்து பிழைத்த ஃபுங் முதல்முறையாக வந்திருந்தார். வீரனுக்கென்ன, கல்லில் பேர் இருக்கிறது என்று நான் கொஞ்சம் குத்தலாகவே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“வீரனா? குண்டு விழுறப்பல்லாம் என் சட்டையப் பிடிச்சுக்குவான். ஆனா பீரங்கிய விட்டு நகரல. புள்ள பொறந்ததும் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு மீன் சந்தைக்குப் போகணும், அது ஒண்ணு போதும்னு சொல்லிக்கிட்டே இருந்தான்” என்றார்.

ஞாயிறுதோறும் உன்னைத் தோளில் வைத்து மீன் சந்தைக்குப் போனவன் நான். விலாங்கு மீனைத் தொட்டுவிட்டு நீ அந்தக் கையை என் தலையில் துடைப்பாய், நான் திட்டுவேன். அதையெல்லாம் அவன் பார்த்திருந்தால் யாருக்கு யார்மேல் வயிறு எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள், “இப்பவாவது அந்தப் படத்த அனுப்புவீங்களா?” எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

படம் இத்துடன் வருகிறது. அதற்காக என் பொறாமை தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே, கூடவே என் படமும் ஒன்று வைத்திருக்கிறேன். உன் அறையில் மேசை சின்னது என்று எழுதியிருந்தாய், இடம் போதாவிட்டால் அவனுடையதையே வை. இல்லை, கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணிப் பார்.

கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. உன் கை பட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும், நீயும் நூறு வயது நன்றாயிரு.

உன் அப்பா,
குவோக் புய்-லாம்