பச்சை வந்த குழாய்

இன்று காலை என் மாணவி ஒருத்தி ஊதா விளக்கின் அடியில் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "மேடம், பச்சை வந்துடுச்சு!" என்று கத்தினாள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் நினைவு நேரம் காலம் பார்ப்பதில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஆராய்ச்சி மாணவிகளாக நாம் இருவரும் அந்த மணல் துகள்களோடு மல்லுக்கட்டினோம். கண்ணுக்கே தெரியாத துகள், உடம்பெல்லாம் ஓட்டை. ஓட்டைகளில் சாயத்தை அடைத்து மாவுச்சத்தால் மூட வேண்டும். நொதி வந்து மூடியைக் கரைத்தால் சாயம் வெளியே வந்து ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். என்றாவது சாயத்துக்குப் பதில் மருந்தை அடைக்க வேண்டும், அதுதான் கனவு. கேட்டிருந்த நொதியோ வந்தபாடில்லை. நீதான் பொறுமை இழந்து குழாயில் துப்பினாய்.

"எச்சில்லயும் அதே நொதிதானடி? சோத்த மென்னா இனிக்குதே, பின்ன எப்படி?"

பச்சை வந்தது. பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். "குருசுக்குப்பத்து எச்சி சார், சும்மாவா!" என்றாய், உன் மீனவக் குப்பத்துப் பெருமையோடு.

அடுத்த வருடம் உன் மார்பில் கட்டி. வெட்டி எடுத்த பிறகும் பரவியது. ஏற்றிய மருந்து அதை விட்டுவிட்டு உன்னைத் தின்றது. முடி போனது, வாயெல்லாம் புண். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு ஓடிவரும் உன் அம்மா ஊட்டும் கஞ்சிகூட இறங்கவில்லை.

"நம்ம துகள்ல அடைச்சுக் குடுத்தா இவ்ளோ அவஸ்த இல்லடி," என்றாய். அது மனிதருக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று நம் இருவருக்குமே தெரியும்.

ஆனாலும் நீ விடவில்லை. கட்டி கக்கும் நொதிக்கு மட்டும் கரைகிற மூடி செய்யச் சொன்னாய். உன் கட்டியிலிருந்தே ஒரு துண்டை டாக்டரிடம் கேட்டு வாங்கித் தந்தாய். நான் வரும்போதெல்லாம் படுக்கையிலிருந்து ஒரே கேள்வி.

"தொறந்துச்சா?"

"இன்னும் இல்லடி."

"பரவால்ல, நாளைக்குப் பாரு."

உன்னை அடக்கம் செய்த வாரம் திறந்தது. உன் கட்டியின் சாறு விட்ட குழாய் பச்சையானது. நல்ல தசையின் சாறு விட்ட குழாய் அப்படியே இருந்தது. உன்னிடம் சொல்ல வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். உன் தெருமுனைக்கு வந்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

வீட்டு வாசலில் நின்ற உன் அம்மா, "இன்னாம்மா, இப்பிடி ஓடியாற?" என்றார். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல இருந்தது. சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ எம்பொண்ணு பொழச்சிருப்பாளா?"

ஆமாம் என்றால் அவர் தாங்கமாட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.