கையோடு வந்த பட்டன்

அன்பு மருமகளுக்கு,

உன் அம்மாவின் ஒரே தம்பி, சீட் கவர் கடை மாமா, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், மனசில் மட்டும் ஒரு குறையோடு எழுதுவது. நீயும் உன் கறுப்புக் கோட்டும் சுகமாக இருக்க வேண்டும்.

வக்கீல்கள் சங்கத்தின் அழைப்பிதழை உன் அம்மா கொண்டுவந்து காட்டினாள். இந்த ஆண்டின் சிறந்த இளம் குற்றவியல் வழக்கறிஞர் நீதானாம். சந்தோஷத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். அடுத்த தெரு வரைக்கும் சத்தம் கேட்டிருக்கும். அந்தக் கௌரவத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான். விட்டவன் என்றுகூடச் சொல்லக்கூடாது, எனக்குக் கற்றுக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் உன்னை வக்கீலுக்குப் படிக்கவை என்று உன் அப்பாவிடம் மூன்று நாள் வாதாடி ஜெயித்தது யார்? சரி, ஒரு நாள். ஆனால் முழு நாள்.

அழைப்பிதழை நானே வாசித்தேன். மருந்துக்கடைத் தாக்குதல் வழக்கில் நேரில் கண்ட சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்த திறமைக்காக இந்த விருது என்று போட்டிருக்கிறது. அந்த நேரில் கண்ட சாட்சி நான். இப்படி அழகான அட்டையில் தங்க எழுத்தில் நம் குடும்பத்தில் யாரையும் இதுவரை அச்சடித்ததில்லை. என்னை அச்சடித்திருக்கிறாய், பெயர் இல்லாமல்.

அதைத்தான் கேட்க உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தாய்?

என் கடைக்கு எதிரே மருந்துக்கடைக்காரர் மண்டையில் அடிபட்டுக் கிடந்த அன்று தெருவே கூடியது. எவனும் வாயைத் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என் கடைக்குள் வந்து, நான் தைத்த ஸ்டூலில் என்னையே உட்காரவைத்து, "அண்ணே, நீங்க ஒருத்தர்தான் இந்தத் தெருவுல தைரியமான ஆளு" என்று சொன்னார். அப்படி ஒருவர் சொன்ன பிறகு, ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? பார்த்தேன் என்றேன். மருந்துக்கடையில் முன்பு வேலை பார்த்த, வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்த அந்தப் பையனா என்று அவரே கேட்டார். அவனேதான் என்றேன்.

இலவசமாக வாதாடும் வக்கீல்கள் பட்டியலிலிருந்து அவனுக்காக வந்தவள் நீ என்று தெரிந்ததும் எனக்கு ஒரு சிரிப்பு. இவ்வளவு பெரிய உலகத்தில் மாமனும் மருமகளும் எதிரெதிரே! வழக்கு முடியும் வரை மாமாவிடம் பேச மாட்டேன், அது முறையில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாய். அதையும் பொறுத்துக்கொண்டேன். நமக்குள் உள்ள உறவை நீதிபதியிடம் நீயே எழுந்து சொன்னாய். அரசு வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "சொந்த மாமாவே எதிர்த்துச் சொல்றாரு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று என் தோளைத் தட்டினார்.

உன்னிடம் எப்படித் தப்பிப்பது என்று அவர் எனக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். அதட்டினால் பயப்படாதீர்கள், குழப்பினால் நிதானமாக இருங்கள் என்றார். அதட்டலுக்கும் குழப்பலுக்கும் நான் தயாராக இருந்தேன். இரும்பு மாதிரி நின்றேன். கூண்டே கொஞ்சம் நடுங்கியது.

நீ அதட்டவில்லை. குழப்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, "அப்புறம்?" என்றாய்.

அது நம்முடைய சொல் அல்லவா, மருமகளே. பள்ளிக்கூடம் விட்டு வந்து என் கடையில் ஸ்பான்ஜ் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் வண்டி சீட் தைத்தபடி கதைவிட, "அப்புறம் மாமா? அப்புறம்?" என்று கேட்ட சொல். நான் ஒரு நாயைப் பார்த்திருப்பேன், நீ இரண்டு தரம் கேட்டால் அது சிறுத்தையாகியிருக்கும். அது எப்படி ஆகும் என்று உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். உன் அத்தைக்குக்கூடத் தெரியாது, அவள் கேட்பதே இல்லை.

நீ முதல் அப்புறம் கேட்டதும் எனக்குக் கோர்ட்டே மறந்துவிட்டது. ஓடினவனின் முகத்தைப் பார்த்தேன் என்றேன். அப்புறம்? கடைப்படியைத் தாண்டிக் குதித்துத் துரத்தினேன். அப்புறம்? பஸ் நிறுத்தத்தில் சட்டைக் காலரைப் பிடித்தேன். அப்புறம்? திமிறினான், இரண்டாவது பட்டன் என் கையோடு வந்துவிட்டது. ஐந்தாவது அப்புறத்தில், அந்தப் பட்டன் இன்னும் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னபோது, அரசு வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவருக்குத் தலைவலி என்று நினைத்தேன்.

மருந்துக்கடைக் கேமராப் படத்தை எடுத்து நீட்டினாய். முகம் தெரியாத படம். ஆனால் ஓடுகிறவன் போட்டிருந்தது காலரும் இல்லாத, பட்டனும் இல்லாத பனியன். "நன்றி ஐயா, வேறு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

ஐயா! இருபத்தாறு வருஷம் மாமா, அன்றைக்கு ஐயா. ஜனங்கள் சிரித்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை, என் கதைக்கு எப்போதும் சிரிப்பார்கள். நீ சிரிக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்து தூணுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, கோர்ட் கடிகாரம் நேராக எதிரே இருந்தது. நீ அந்தப் பையனின் அம்மாவோடு பேசிக்கொண்டே வேறு வாசல் வழியாகப் போய்விட்டாய். வேறு யாராவது என்னை அறுத்துக் கிழித்திருந்தால் ஊசி நூல் எடுத்துத் தைத்துக்கொண்டிருப்பேன். என் கத்தரிக்கோலை எடுத்து நீ வெட்டினாய்.

ஊருக்கு வந்தால் எல்லாருக்கும் அந்தப் பட்டனைப் பார்க்க வேண்டுமாம். பேப்பர்க்காரன் முதற்கொண்டு, "பட்டனைக் காட்டுண்ணே" என்கிறான். விடுவேனா? என் நல்ல வெள்ளைச் சட்டையிலிருந்து இரண்டாவது பட்டனைப் பிய்த்து, ஒரு மாதமாகக் கல்லாப்பெட்டியில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நம்புகிறவனும் இருக்கிறான்.

அந்தப் பையன் விடுதலையாகி இப்போது தினமும் என் கடையைத் தாண்டித்தான் போகிறான். என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். வண்டியை மெதுவாக்கி, தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். எட்டு மாதம் உள்ளே இருந்தவன். நேற்று அவன் வண்டி சீட் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத நாளும் உண்டு என்பதை நீ நம்ப மாட்டாய்.

ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. நான் பார்த்தது ஒரு முதுகு. அவ்வளவுதான். ஓடுகிற ஒரு முதுகு. இதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

நீ அதைத் தனியாக என்னிடம் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப்பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன்தான். அப்படியும், கூண்டில் வைத்து என்னைக் கதைசொல்ல விட்டாயே என்பது ஆறவில்லை. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் கதைவிடுவதாகிவிடும். இருக்கிறது.

விழாவுக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று அச்சில் இருக்கிறது. அதை எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் அடித்திருப்பார்கள். உன் கையால் எனக்கு ஒரு எழுத்து இல்லை. எனக்குப் போட்டுக்கொள்ள அந்த ஒரு வெள்ளைச் சட்டைதான் உண்டு, அதில் இரண்டாவது பட்டன் இல்லை. ஊருக்கே தைக்கிறவன், எனக்கு அது இரண்டு நிமிஷ வேலை. இன்னும் தைக்கவில்லை. "வாங்க மாமா" என்று ஒரு வரி எழுதிப் போடு. கல்லாப்பெட்டியிலிருந்து பட்டனை எடுத்து, எடுத்த இடத்திலேயே தைத்துக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

நீ நின்று பேசுகிற இடத்தில் எல்லாம் உன் பேச்சு எடுபடட்டும்.

மாமா