கொண்டை நிக்காத புதன்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். நீ நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும், குளிருக்கு இதமா உடுத்திக்கணும். நாங்க இங்க சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனா பொய் எழுதக் கை வரல. அப்பா முழுசா சுகம், நான் முக்கால் சுகம், மீதிக் கால் என்னன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நீ அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சா நான் இந்தப் பக்கம் ஒண்ணுமில்லடின்னு பாதியிலேயே பூசி மெழுகிடுவேன். காகிதத்துல அப்படித் தப்பிச்சு ஓட முடியாது. முதல்லயே சொல்லிடறேன், உயிருக்கு ஒண்ணும் இல்ல, கண்ணு மூக்கு கை கால் எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. பதறாம உக்காந்து படி.

போன ஞாயிறு நீ பேசும்போது, அடுத்த மாசம் பத்தாம் தேதி முடியை நேராக்கறதுக்கு நாள் வாங்கியிருக்கேன்மான்னு சொன்னே. வரவேற்பு மேசையில உக்கார்றவ முடி கொஞ்சம் படிஞ்சு இருந்தா நல்லாருக்கும்னு உன் மேலதிகாரியம்மா சொன்னாங்கன்னும் சொன்னே. நான் பதிலே பேசல. அம்மாவுக்குக் கோபம்னு நினைச்சுக்கிட்டு நீ சீக்கிரமா போனை வெச்சிட்டே. கோபம் இல்லடி, பயம். மூணு வாரமா கேமரா கெட்டுப்போச்சு, வெறும் குரல்ல பேசுன்னு உன்கிட்ட சொல்லிட்டு இருக்கேனே, கேமராவுக்கு ஒரு கேடும் இல்ல. என் தலையை நீ பார்த்துடக் கூடாதுன்னுதான்.

விஷயத்துக்கு வரேன். எங்க நூல் கம்பெனியில எல்லாருக்கும் புது அடையாள அட்டை எடுத்தாங்க. படம் எடுக்க வந்தவன் என்னை நாற்காலியில உக்கார வெச்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயச் சொல்லி, கடைசியில, அம்மா உங்க முகம் கட்டத்துக்குள்ள வருது, முடிதான் பக்கத்து ஆளு கட்டத்துக்கும் போகுது, கொஞ்சம் அமுக்கிப் பிடிங்கன்னான். வரிசையில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அம்பத்திரண்டு வருஷமா சிரிச்சுப் பழகின சிரிப்பு அது. எனக்கு அடுத்து உக்காந்தது சாட்டை. சாட்டையைப் பத்திச் சொல்லியிருக்கேன்ல, எங்க கூடத்துல எதிர் வரிசை மெஷின் பார்க்கறவ, நடந்தா பின்னல் இடுப்புக்குக் கீழ சுளீர் சுளீர்னு ஆடும், அதனால வந்த பேரு. அவ சும்மா உக்காந்தா, அவன் சும்மா எடுத்தான், அரை நிமிஷத்துல முடிஞ்சுது. அந்த அரை நிமிஷம் எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. மறைக்க என்ன இருக்கு, பதினோரு வருஷமா அவ முடியைப் பார்த்துத்தான் நான் பொருமிக்கிட்டு இருந்தேன். தண்ணி மாதிரி முடி. கழுவினா அதுவா காயும், அதுவா படியும். எனக்கோ சுருட்டை, சீப்பு பல்லு உடையும்.

அந்த சனிக்கிழமையே, அப்பாகிட்ட மார்க்கெட் போறேன்னு சொல்லிட்டு, ரெண்டு தெரு தள்ளி இருக்கற அழகு நிலையத்துக்கு முடியை நேராக்கப் போனேன். நாலு மணி நேரம். அந்தப் பொண்ணு முகத்துக்கு மறைப்புக் கட்டிக்கிட்டு வெள்ளைக் களிம்பை அப்பினா, எனக்கு மறைப்பு இல்ல. அந்த நெடியில கண்ணு ரெண்டும் கொட்டுச்சு. உச்சந்தலையில எறும்பு கடிக்கற மாதிரி ஆரம்பிச்சு, அப்புறம் சூடு வெச்ச மாதிரி ஆச்சு. எரியுதான்னு ஒருதரம் கேட்டா. இல்லைன்னேன். வயசானவ ஆசைப்பட்டு வந்து உக்காந்துட்டு எரியுது குத்துதுன்னு சொன்னா சிரிப்பாங்களோன்னு வெட்கம். பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். கடைசியில கண்ணாடியைக் காட்டினா பாரு, நெத்தியிலிருந்து தோள் வரைக்கும் கறுப்புத் துணி தொங்கவிட்ட மாதிரி ஒரே வழவழப்பு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அழுகை வந்துச்சு. சந்தோஷ அழுகைதான். வர்ற வழியில கடைக் கண்ணாடி ஒண்ணு விடல, எல்லாத்துலயும் என்னைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன்.

அப்பா அப்போ வீட்டுக் கூடத்துல, ரிப்பேருக்கு வந்த ஏதோ லிஃப்ட்டோட மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் எழுந்து நின்னுட்டார். யாரோ விருந்தாளின்னு நினைச்சாராம். அப்புறம் நிதானமா, காய் எங்கேன்னு கேட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்குக் கோபம். இப்ப யோசிச்சா அவருக்கும் பயந்தான், தெரிஞ்ச முகத்துல தெரியாத ஆளைப் பார்த்த பயம்.

திங்கக்கிழமை கம்பெனியில ஒரே கூட்டம், தொட்டுப் பார்க்கறதும் மோந்து பார்க்கறதும். சாட்டை மட்டும் சாப்பாட்டு இடைவேளையில என்னைத் தனியா கூப்பிட்டு, அக்கா இந்த முடியை நம்பாதீங்க, இது கொண்டையில நிக்காது, உள்ள ஒரு வலை போட்டு மேல தொப்பி போடுங்க, நான் தினம் ரெண்டு ரப்பர், எட்டுக் கொண்டை ஊசி, ஒரு வலை போட்டுத்தான் மெஷின் பக்கமே போறேன்னு சொல்லி, அவகிட்ட இருந்த வலையை நீட்டினா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா. இத்தனை வருஷம் தனக்கு மட்டும் இருந்தது இன்னொருத்திக்கும் வந்துடுச்சேன்னு பொறாமையில சொல்றான்னு நினைச்சேன். எனக்கு வேணாம், நீயே வெச்சுக்கோன்னு வெடுக்குனு சொல்லிட்டேன். என் பழைய முடி எப்படி, சுத்தி ஒரு செருகு செருகினா சாயங்காலம் வரைக்கும் கல்லு மாதிரி நிக்கும், ஊசியே வேணாம். புது முடிக்கும் அதே மாதிரி சுத்தித் தொப்பியை மாட்டினேன். செவ்வாய்க்கிழமை ரெண்டுதரம் நழுவுச்சு. ரெண்டுதரமும் அள்ளிச் செருகிக்கிட்டேன். எவ்வளவு அழகா நழுவுதுன்னு உள்ளுக்குள்ள பெருமை வேற.

புதன்கிழமை டீ குடிச்சிட்டு வந்து நின்னோம். நான் பார்க்கற மெஷின்ல பன்னெண்டு கூம்புக் கோன்ல நூல் சுத்தும், ஏதாவது ஒண்ணுல நூல் அறுந்தா குனிஞ்சு முடிச்சுப் போடணும். கடைசி கோன்ல அறுந்துச்சு. அது ஓரம், அதுக்குப் பக்கத்துலதான் எல்லாத்தையும் சுத்தவைக்கற தண்டு ஓடுது. குனிஞ்சேன். தொப்பி விழுந்தது தெரிஞ்சுது. கழுத்துல ஏதோ வழுக்கிக்கிட்டுப் போச்சு, அது என் முடிதான்னு புரியறதுக்குள்ள தலை ஒரே இழுப்பா இழுபட்டு, கன்னம் போய் இரும்புல ஒட்டிக்கிச்சு. வலி உடனே வரல. சத்தந்தான் வந்துச்சு, துணி கிழியற மாதிரி, என் மண்டைக்குள்ளேயே. கத்தணும்னு நினைக்கிறேன், வாய் திறக்கல. கண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல தண்டு சுத்துது, முடி ஒவ்வொரு சுத்துக்கும் குறைஞ்சுக்கிட்டே வருது, அதை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தேன். இன்னும் நாலு சுத்து, இன்னும் மூணு சுத்துன்னு எண்ணினேன்டி.

சாட்டைதான் ஓடி வந்தா. சிவப்பு பட்டனை அடிச்சா, ஆனா அந்த மெஷின் அடிச்ச உடனே நிக்காது, நாலஞ்சு சுத்து சுத்தித்தான் நிக்கும். அவ அதுக்குக் காத்திருக்கல. என் தலைக்கும் தண்டுக்கும் நடுவுல தன் கையைக் கொடுத்து, முடியை வேர்கிட்ட முஷ்டியா பிடிச்சு, இழுப்பு முழுசையும் தன் கையில வாங்கிக்கிட்டா. இன்னொரு கையில, இடுப்புல தொங்கற நூல் கத்தரி, சுண்டுவிரல் நீளம் இருக்கும், அதால அறுத்து அறுத்து என்னை விடுவிச்சா. கீழ உக்கார வெச்சு, அக்கா என் முகத்தைப் பாருங்க, தலையைத் தொடாதீங்க, என்னையே பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அப்பத்தான் ரத்தம் கண்ணுல இறங்குச்சு.

காதுக்கு மேல ஒரு பெரிய நாணயம் அளவுக்குத் தோல் பிய்ஞ்சு போச்சு. ஒன்பது தையல். சாட்டைக்கு ரெண்டு விரல்ல நகம் பிய்ஞ்சிடுச்சு, மணிக்கட்டு வீங்கிடுச்சு. ஆஸ்பத்திரியில காயத்தைச் சுத்தி மழிச்சாங்க, மீதி முடி ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு பார்க்கவே விகாரமா இருந்ததால, அப்பாவுக்கு முடி வெட்டறவர் வீட்டுக்கே வந்து மொத்தத்தையும் ஒட்ட வெட்டிட்டார். பார்க்க வந்தவங்க எல்லாரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னாங்க. எனக்குத் தலைப்பாகையும் இல்ல முடியும் இல்லன்னு நான் சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க போனதும் கதவைச் சாத்திட்டு அழுதேன்.

 மூணாம் நாள் அப்பா நேரா கம்பெனிக்குப் போய் மேற்பார்வைக்காரர் முன்னாடி நின்னு, சுத்தற தண்டைத் திறந்து வெச்சிருக்கீங்களே, லிஃப்ட்டுல நாங்க இப்படி வெச்சா ஜெயில்ல போடுவாங்கன்னு சத்தம் போட்டிருக்கார். அந்த மேற்பார்வைக்காரர், உங்க வீட்டம்மா முடியை அவிழ்த்துவிட்டு வந்தா நாங்க என்ன பண்றதுன்னு கேட்டிருக்கார். அப்பா சொன்னாராம், தப்பு முடியில இல்ல ஐயா, மூடியில, மூடி எங்கேன்னு. அன்னிக்கு மூடி போடற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்துட்டு வந்தார். வந்து என்கிட்ட, நீ ஆசைப்பட்டது குத்தம் இல்ல, என்கிட்ட மார்க்கெட்டுன்னு சொன்னதுதான் குத்தம்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டார்.

சாட்டை கையில கட்டோட வந்து பார்த்தா. உன்மேல தப்பா நினைச்சேன், நீ பொறாமைப்படறேன்னு நினைச்சேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவ, பொறாமைதான்க்கா, பதினோரு வருஷமா, ஆனா புது முடி மேல இல்ல, பழைய முடி மேலன்னா. அவ வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஒருதரம் பின்னல் நுனி மாட்டி, தானே அறுத்துக்கிட்டாளாம், வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லலையாம். அன்னிக்கிருந்து தினம் காலையில எட்டு ஊசியையும் பயந்து பயந்து ரெண்டுதரம் எண்ணிக் குத்துவாளாம். நீங்க ஒரு செருகுல கொண்டை போட்டுக்கிட்டு பாட்டுப் பாடிக்கிட்டே மெஷின் பக்கம் போவீங்க, அதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்னா. ரெண்டு பேரும் ஒருத்தி தலையை ஒருத்தி பார்த்துப் பொருமினது போதும்னு நான் சொன்னேன். அவ சிரிக்கல. நானும் சிரிக்கல.

இப்ப என் பயத்தைச் சொல்றேன். ஃபேன் சுத்தினா சுவரோரம் ஒண்டிக்கிறேன். மிக்ஸியை அப்பாதான் போடறார். தையல் போட்ட இடத்துல முடி முளைக்கறது சந்தேகம்னு டாக்டர் சொல்லிட்டார், அது பரவாயில்ல. ஆனா இதெல்லாத்தையும் விடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. படுத்துக் கிடந்த நாள்ல யோசிச்சேன், உன் முடி உனக்குப் பிடிக்காம போனது எப்போன்னு. அந்த மேலதிகாரியம்மா சொன்னதாலயா? இல்லடி. உனக்கு ஏழு வயசு இருக்கும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு சீப்பை வெச்சு இழுத்துக்கிட்டே, என் சனியன் உன் தலையிலயும் வந்து விடிஞ்சிருக்கேன்னு சொன்னேன். அத்தை பொண்ணு முடியைத் தடவித் தடவி, இவளுக்குப் பாரு என்ன அழகா வடியுதுன்னு உன் எதிர்லயே சொன்னேன். நீ அன்னிக்குச் சாயங்காலம் பாத்ரூம்ல தலையை நனைச்சு நனைச்சு, கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னே. காய்ஞ்சா திரும்பச் சுருண்டுடுதும்மான்னு அழுதே. நான் உன்னைக் கட்டிக்கிட்டேனா? இல்ல. ஜலதோஷம் பிடிக்கும்னு முதுகுல ஒண்ணு வெச்சேன். ஊர்ல ஆயிரம் பேர் சிரிச்சிருக்கலாம், ஆனா முதல்ல சிரிச்சது நான்தான். அந்தக் களிம்பு உன் தலையில எரியும்போது நீயும் வெட்கப்பட்டுக்கிட்டு எரியலைன்னு சொல்லுவியோன்னு நினைச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. அந்தப் பல்லைக் கடிக்கற பழக்கத்தை உனக்குக் கொடுத்தது நான்.

போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல, நானே போனவ. உன் தலை, உன் வேலை, உன் இஷ்டம். அந்தம்மா படிஞ்ச முடி வேணும்னு சொன்னா, வேலைக்கு முடி எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரு, கேட்கத் தைரியம் இல்லைன்னா அதுக்கும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனா போறதா இருந்தா தனியா போகாதே, அறைத் தோழியைக் கூட்டிட்டுப் போ. முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு துளி வெச்சு ஒரு நாள் பார்க்கச் சொல்லு. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு. எரிஞ்சா எரியுதுன்னு சத்தமா சொல்லு, பாதித் தலையோட எழுந்து வந்தாலும் பரவாயில்ல.

எனக்கு வர்ற திங்கக்கிழமை லீவு முடியுது. வேற பிரிவு கேட்டேன், இல்லைன்னுட்டாங்க, அதே மெஷின்தான். சாட்டை வாசல்ல நிப்பேன், ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள போவோம்னு சொல்லியிருக்கா. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்தத் திங்கக்கிழமை போயிருக்கும். நான் உள்ள போயிருப்பேனா, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருப்பேனா, எனக்கே தெரியல. எதுவானாலும் உன்கிட்ட உள்ளதைச் சொல்லுவேன், இனிமே மறைக்கறதா இல்ல. நீயும் படிச்சு முடிச்சதும் வீடியோல கூப்பிடு, எடுப்பேன். என் தலையைப் பார்த்துப் பயப்படாதே. பயந்தாலும், பயமா இருக்கும்மான்னு சொல்லிட்டுப் பயப்படு.

நீ நூறு வயசுக்கு உன் உடம்போட சண்டை இல்லாம இருக்கணும்னு நானும் அப்பாவும் மனசார வாழ்த்தறோம். சத்து மாத்திரையை மறக்காதே, ஈரத் தலையோட வெளிய போகாதே. பத்தாம் தேதி என்ன முடிவு பண்ணினாலும் ஒன்பதாம் தேதியே எனக்குச் சொல்லிடு.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கற
அம்மா